மலையகத்திலிருந்து மென்பொருள் சோதனைத் துறைக்கு: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எனக்குக் கோடிங் அவ்வளவா வராது, கியூஏ பக்கம் போகலாமா?" உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு கணினி டிப்ளோமா செய்த பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கியூஏ என்பது மென்பொருளைச் சோதித்துத் தரம் பார்க்கும் வேலை. போகலாம். ஆனால் கோடிங் வராது என்பதற்காகப் போகாதீர்கள். அந்தக் காரணத்துக்கு இடம் கொடுத்த வேலை முறை வேகமாகக் குறைந்து வருகிறது. இன்றைய குழுக்கள் தேடுவது வேறு மாதிரியான ஆளை. அப்படிப்பட்ட ஆளாவதற்குத் தோட்டத்திலும் மலைநகரங்களிலும் வளர்ந்தவர்களிடம் ஏற்கெனவே சில பலங்கள் இருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவை எவை, எங்கிருந்து தொடங்குவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இந்த வேலை எப்படி மாறியிருக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

முன்பெல்லாம் டெவலப்பர்கள் மாதக்கணக்கில் நிரல் எழுதி, எல்லாம் முடிந்த பிறகு சோதனைப் பிரிவிடம் கொடுப்பார்கள். அங்கே எக்ஸல் தாளில் நூற்றுக்கணக்கான டெஸ்ட் கேஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றாகக் கையால் செய்து பார்த்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று போட வேண்டும். 2001இல், மென்பொருளைச் சிறு சிறு துண்டாகச் செய்து அடிக்கடி வெளியிடச் சொல்லும் அஜைல் பிரகடனம் வந்த பிறகு வேலை ஒன்றிரண்டு வாரத் துண்டுகளாக உடைந்தது. அதற்குப் பிறகு ஒரே நாளில் பல தடவை வெளியிடும் குழுக்களும் வந்துவிட்டன. அந்த வேகத்துக்கு எல்லாவற்றையும் கையால் சோதித்து முடிக்க எவராலும் ஆகாது. ஆகவே திரும்பத் திரும்பச் செய்யும் சரிபார்ப்புகள் நிரலாக மாறின. அவற்றில் பெரும்பகுதியை இப்போது டெவலப்பர்களே எழுதுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2014 அளவில் தன் பல குழுக்களில் சோதனைக்கென்று இருந்த தனிப் பொறியாளர் பதவியை டெவலப்பர் பதவியோடு சேர்த்துவிட்டது.

அப்படியானால் சோதனையாளருக்கு என்ன மிச்சம்? நிறைய மிச்சம், ஆனால் வேறு இடத்தில். தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மலையில் முற்றின இலையைப் பறித்துப் போட்டிருந்தால் அவரால் "சரியில்லை" என்று சொல்லத்தான் முடியும். அதை நல்ல தேயிலையாக ஆக்க முடியாது. மென்பொருளிலும் கடைசியில் நின்று பார்ப்பவரின் நிலை அதுதான். அதனால் சோதிப்பவர் இப்போது தொடக்கத்துக்கே வருகிறார். ஒரு வசதியைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே, ஒரு வரி நிரல்கூட எழுதாத நேரத்தில், கேள்வி கேட்கிறார்.

ஒரு உதாரணம். பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஒரு செயலி செய்யப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டமிடும் கூட்டத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்:

"அண்ணா, காலையில அஞ்சு மணிக்குப் பால் ஊத்தினா எந்தத் திகதியில பதியும்?"

"அன்றைய திகதியிலதான். ஏன் தங்கச்சி?"

"சேர்வர் நேரம் யூடிசிதானே? இங்க அஞ்சு மணின்னா அங்க முதல் நாள் ராத்திரி பதினொன்றரை. ஒன்றாந் திகதி ஊத்தின பால் போன மாசக் கணக்குல விழுந்துடாதா?"

யூடிசி என்பது உலகப் பொது நேரம். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு முன் நடக்கும் எதுவும், கவனிக்காமல் விட்டால், முந்திய நாளில் போய் விழும். கொழும்பு அலுவலகத்தில் ஒன்பது மணிக்கு வேலை தொடங்குபவருக்கு இந்தக் கேள்வி இலேசில் தோன்றாது. விடியுமுன் பால் கேனோடு ரோட்டுக்கு இறங்குபவர்களைப் பார்த்து வளர்ந்தவருக்குத் தோன்றும். அந்தக் கட்டத்தில் திருத்தம் ஒரு சில நிமிட வேலை. ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் அத்தனை பேருடைய பால் காசையும் மீண்டும் கணக்குப் பார்க்க வேண்டிவரும்.

படி 2: கருவியைத் தொடுமுன் ஒரு பயிற்சி

செலினியம் படிக்கட்டுமா, பிளேரைட் படிக்கட்டுமா என்று கேட்டுத் தொடங்காதீர்கள். இரண்டும் உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவிகள். ஒரு கொப்பியை எடுங்கள். பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறுவையைப் பதியும் ஒரு கைபேசிச் செயலியைக் கற்பனை செய்யுங்கள். நிறுவை நடக்கும் இடத்தில் தொழிலாளியின் இலக்கமும் கிலோவும் உள்ளே போகின்றன. மாதக் கடைசியில் செக்ரோலுக்கு, அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டுக்கு, கணக்கு வருகிறது. இது எங்கே பிழைக்கும்?

நோர்ம், அதாவது ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோ, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பயிற்சிக்கு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 18 சரியாக இருந்தால் முழுப்பேரா (முழு நாள் சம்பளமா)? 17.9 என்றால்? தராசு 17.96 என்று காட்டி, செயலி ஒரு தசமம் மட்டும் வைத்தால் அதை 18 ஆக்குமா, 17.9 ஆக வெட்டுமா? எல்லைப் பெறுமதிச் சோதனை என்று பாடப் புத்தகத்தில் வருவது இதுதான். 18க்குக் கீழே, 18இல், 18க்கு மேலே என்று மூன்று இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். 10 கிலோவையும் 25 கிலோவையும் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு வேலை செய்கிறது என்பவர் பிழை இருக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்தது கழிவு. கூடைக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிக்கிறார்கள். ஒவ்வொரு நிறுவையிலும் கழிப்பதா, நாளுக்கு ஒரு தடவையா? காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று நிறுவை நடந்தால் விடை முற்றிலும் மாறிவிடும். மழைக்காலத்துக்கு வேறு கழிவா? கழித்த பிறகு பூச்சியத்துக்குக் கீழே போனால் செயலி என்ன காட்டும்? யார் கழிவை மாற்றலாம், மாற்றினால் அந்த மாற்றம் யார் கண்ணுக்குத் தெரியும்?

பிறகு சிக்னல். மேல் மலையில் சிக்னல் இல்லை. நிறுவையைப் பதிந்து சேமி என்று அழுத்துகிறார்கள், சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரும்ப அழுத்துகிறார்கள். கீழே இறங்கி சிக்னல் வந்ததும் அதே நிறுவை இரண்டு தடவை போய்ச் சேர்ந்தால்? அல்லது ஒரு தடவைகூடப் போகாமல் போன் சார்ஜ் இறங்கிவிட்டால்? ஒரே பதிவு எத்தனை தடவை வந்தாலும் ஒரு தடவையே கணக்கில் ஏற வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டு வாங்குவது சோதிப்பவரின் வேலை. காசு அனுப்பும் செயலிகளிலும் இதே கேள்விதான் முதலில் நிற்கும்.

பெயரையும் விடாதீர்கள். ஒரே செக்ரோலில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது நமக்குப் புதிதல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்பதும் அப்படித்தான்.

இவ்வளவையும் எழுதிய பிறகு பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, "இது பிழைத்தால் யாருக்கு நட்டம்?" என்று எழுதுங்கள். ஒரு பட்டனின் நிறம் மாறியிருந்தால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. 17.96 வெட்டுப்பட்டால் ஒரு தாய்க்கு முழுப்பேர் அரைப்பேராகிறது. எதை முதலில் சோதிப்பது என்பதை அந்தப் பதில்கள் சொல்லிவிடும். அபாயத்தை வைத்து முன்னுரிமை கொடுப்பது என்று துறையில் சொல்வது இதைத்தான். இன்றைய சோதனையாளரிடம் குழுவினர் எதிர்பார்ப்பதில் ஆகப் பெறுமதியானது இந்தத் தீர்ப்புத்தான். கருவிகள் அதற்குப் பிறகுதான்.

படி 3: பிழையை எழுதப் பழகுங்கள்

"சேவ் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் டெவலப்பர் தன் கணினியில் செய்து பார்த்துவிட்டு "எனக்கு வேலை செய்கிறது" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

தலைப்பு: சிக்னல் இல்லாதபோது இரு தடவை சேமித்தால் நிறுவை இரட்டிப்பாகிறது.
செய்தது: போனை விமான நிலைக்கு (ஏரோப்ளேன் மோட்) மாற்றினேன். ஒரு இலக்கத்துக்கு 12.5 கிலோ பதிந்து, சேமி பட்டனை இரண்டு தடவை அழுத்தினேன். விமான நிலையை நீக்கினேன்.
எதிர்பார்த்தது: 12.5 கிலோ, ஒரு பதிவு.
நடந்தது: 12.5 கிலோ வீதம் இரண்டு பதிவு, மொத்தம் 25.
பாதிப்பு: அன்றைய கிலோவும் சம்பளமும் கூடிக் காட்டும்.

அலுவலகத்தில் இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயந்தே பின்வாங்குகிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். இதற்கு இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. ஆறு, ஏழு சொல்லில் ஒரு வசனம் போதும். மேலே உள்ள ஐந்து தலைப்புகளையும் வைத்து, நீங்கள் தினமும் பாவிக்கும் செயலிகளில் காணும் பிழைகளை வாரத்துக்கு இரண்டு மூன்று எழுதிப் பழகுங்கள். வேலை தேடும் நேரத்தில் காட்டுவதற்கு அதுவே ஒரு தொகுப்பாகிவிடும். ஒரு எச்சரிக்கை: உங்கள் சொந்தக் கணக்கில், சாதாரணப் பாவனையில் தெரிபவற்றை மட்டும் எழுதுங்கள். அடுத்தவர் கணக்குக்குள் நுழைந்து பார்ப்பது சோதனை அல்ல, குற்றம்.

படி 4: திரைக்குப் பின்னால் பாருங்கள்

குரோம் உலாவியில் எஃப்12 அழுத்தினால் டெவலப்பர் கருவிகள் திறக்கும். அதில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கலாம், முழுதாகத் துண்டிக்கலாம். ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை நினைவு வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருப்பவருக்கு இது அன்றாட நிலைமை. அதைக் குறையாக நினைக்காமல் சோதனைக் களமாகப் பாவியுங்கள்.

அடுத்து போஸ்ட்மேன் போன்ற ஒரு கருவியில் ஏபிஐ அழைப்புகளை (செயலி சேர்வருக்கு அனுப்பும் கோரிக்கைகளை) நேரடியாக அனுப்பிப் பழகுங்கள். தரவுத்தளத்தைக் கேள்வி கேட்க எஸ்கியூஎல் கொஞ்சம் வேண்டும். செலக்ட், வேர், ஜொயின், குரூப் பை இவ்வளவும் கைக்கு வந்தால் தொடக்கத்துக்குக் காணும்.

படி 5: கொஞ்சமாவது நிரல் எழுதுங்கள்

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். டெவலப்பர் அளவுக்கு வேண்டாம். பைத்தானோ டைப்ஸ்கிரிப்ட்டோ ஏதாவது ஒன்று, அதோடு நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட். பயிற்சிக்கு நம் அடையாள அட்டை இலக்கத்தைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

பழைய இலக்கத்தில் 9 எண்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வழங்கப்படும் புதிய இலக்கம் 12 எண். அதில் ஆண்டு நான்கு எண்ணாக இருக்கும், எழுத்து இல்லை. இதிலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கும் சிறு நிரல் நாட்டில் எத்தனையோ படிவங்களுக்குப் பின்னால் ஓடுகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நாளை எண்ணும்போது எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. ஆகவே மார்ச் 1 எப்போதும் 061தான், பெண்ணுக்கு 561. ஆனால் 1995இல் பெப்ரவரிக்கு 28 நாள்தான். "1995 ஜனவரி 1இலிருந்து 61ஆம் நாள்" என்று சாதாரணமாக எழுதிய நிரல் மார்ச் 2 என்று விடை தரும். ஒரு நாள் பிழை. 1996இல் பிறந்தவர் தன் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தால் சரியாக வரும், ஏனென்றால் அது நெட்டாண்டு. ஜனவரியில் பிறந்தவர் பார்த்தாலும் சரியாக வரும். தன் அட்டையை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுச் சரியென்று விட்டால், பிழை அப்படியே வெளியே போகும்.

இந்த நிரலை நீங்களே எழுதுங்கள், பிறகு அதற்கு யுனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதியைத் தனியாகச் சரிபார்க்கும் நிரல்) எழுதுங்கள்: சாதாரண ஆண்டில் பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31, நெட்டாண்டில் பெப்ரவரி 29, ஆண், பெண், பழையது, புதியது, 000, 367, 499 போன்ற பொருந்தாத நாட்கள், சிறிய எழுத்தில் போட்ட வி, நடுவில் ஓர் இடைவெளி. சாதாரண ஆண்டில் 060 என்று வந்தால் என்ன செய்வது? அதற்கு விடை நிரலில் இல்லை, யாரிடமாவது கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கேள்வியையும் எழுதிவையுங்கள். முடித்ததும் நிரல்களை இணையத்தில் சேமித்துவைக்கும் கிட்ஹப்பில் போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட்கள் தானாக ஓடும்படி கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இணைத்துவிடுங்கள்.

இது செய்யும்போதே இன்னொன்று விளங்கும். இந்தப் பெறுமதிகள் அத்தனையையும் உலாவியைத் திறந்து, படிவத்தை நிரப்பிச் சோதிக்கத் தேவையில்லை. யுனிட் டெஸ்ட் ஒரு நொடிக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடும். திரை வழியாகச் சோதிப்பவை மெதுவானவை, சிறு மாற்றத்துக்கும் உடைபவை. ஆகவே அவற்றை முக்கியமான சில பாதைகளுக்கு மட்டும் வையுங்கள். அந்தச் சிலவற்றுக்கு, 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் இன்றைக்குத் தொடங்குபவருக்கு நல்ல தெரிவு. 2004இல் தொடங்கிய செலினியம் இன்னும் பல நிறுவனங்களில் இருக்கிறது. வேலைக்குப் போன பிறகு தேவைப்பட்டால் படித்துக்கொள்ளலாம்.

படி 6: செயற்கை நுண்ணறிவோடு வேலை செய்வது

நிரலையும் டெஸ்ட்டையும் எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. இனி எதற்குச் சோதனையாளர் என்ற பயமும் வந்துவிட்டது. மேலே சொன்ன பிழையான அடையாள அட்டை நிரலை அப்படி ஒரு கருவியிடம் கொடுத்து, டெஸ்ட் எழுதித் தரச் சொல்லுங்கள். நிரல் என்ன செய்கிறதோ அதையே சரியென்று எடுத்துக்கொண்டு, மார்ச் 2 தான் விடை என்று டெஸ்ட் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. டெஸ்ட்கள் எல்லாம் பச்சையாக, அதாவது பாஸ் என்று, இருக்கும், பிழையும் அங்கேயே இருக்கும். சரியான விடை எது என்பது நிரலுக்கு வெளியே, அட்டை வழங்கும் முறையிலும் தோட்டத்துக் கணக்கிலும் இருக்கிறது. அதைத் தெரிந்த ஆள் தேவை. நிரல் எழுதும் வேகம் கூடக் கூட, எழுதியது சரியா என்று பார்க்கும் வேலையும் கூடத்தான் செய்யும்.

ஆகவே பாவியுங்கள். "நான் யோசிக்காத நிலைமைகள் என்னென்ன?" என்று கேட்பதற்கு அது நல்ல துணை. விடையை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். வாடிக்கையாளரின் உண்மைத் தரவை அதற்குள் ஒட்டாதீர்கள்.

படி 7: வெளியான பிறகும் பாருங்கள்

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. உலகம் முழுக்க விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. போனது புது நிரல் அல்ல, ஒரு தரவுக் கோப்பு. அதில் 21 புலங்கள் இருந்தன. அதைப் படிக்கும் மென்பொருள் 20ஐத்தான் எதிர்பார்த்தது. முன்பு செய்த சோதனைகளில் 21ஆவது புலத்துக்கு "எதுவாகவும் இருக்கலாம்" என்ற பொதுக் குறியே இருந்ததால் பிழை தெரியவில்லை. அதற்கு மேல், கோப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது.

எந்தச் சோதனையும் எல்லாவற்றையும் பிடிக்காது என்று ஏற்றுக்கொண்டு குழுக்கள் இப்போது வேலை செய்கின்றன. புதியதை முதலில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் திறப்பார்கள், மென்பொருள் தானாக எழுதும் பதிவுகளைக் கவனிப்பார்கள், பிழை கூடினால் உடனே பின்வாங்குவார்கள். என்ன அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவைப்பது சோதனையாளருக்குப் பொருத்தமான வேலை.

படி 8: உங்கள் தமிழைக் கொண்டுபோங்கள்

இந்த நாட்டில் மக்களுக்கான செயலிகள் மூன்று மொழியில் வர வேண்டும். தமிழ்த் திரையை ஒழுங்காகப் பார்க்கும் ஆள் குழுவில் பெரும்பாலும் இல்லை. "கொழுந்து" நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறி. பெயருக்கு 20 குறிதான் என்று எல்லை வைத்தால் நம் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசி எழுத்தின் புள்ளியோ கொம்போ தொலைந்து நிற்கும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. ஆங்கிலத்தில் ஒரு செய்தியில் அடங்கியது தமிழில் இரண்டு மூன்றாக உடைந்து, செலவும் கூடும். இவற்றைச் சோதனைப் பட்டியலில் முதல் நாளே சேர்க்கக்கூடியவர் நீங்கள்தான்.

படி 9: சான்றிதழும் வேலை தேடலும்

ஐஎஸ்டிகியூபி என்ற சர்வதேச மென்பொருள் சோதனை அமைப்பின் அடிப்படைச் சான்றிதழுக்கான பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பரீட்சை 60 நிமிடம், 40 கேள்வி. 26 சரியாக வந்தால் சித்தி. தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவருக்கு 25 வீதம் கூடுதல் நேரம் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் ஆலோசனை: பாடத்திட்டத்தை இப்போதே படியுங்கள், பரீட்சைப் பணத்தை வேலை கிடைத்த பிறகு கட்டுங்கள். பட்டம் வேண்டுமென்றால், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) பட்டம் வீட்டிலிருந்தே படிக்க ஏற்றது.

வேலை தருகிறோம், முதலில் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள் என்பவர்களிடம் போகாதீர்கள். அம்மா அப்பாவின் நகை அடகுக்குப் போவது இப்படித்தான்.

விண்ணப்பத்தில் மூன்று இணைப்பு போதும்: கொழுந்துச் செயலியின் கேள்விப் பட்டியல், நன்றாக எழுதிய சில பிழை அறிக்கைகள், டெஸ்ட்கள் தானாக ஓடும் அடையாள அட்டை நிரல். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கும் இடமானாலும், முதல் ஆறு மாதமாவது குழுவோடு நேரில் இருக்கப் பாருங்கள். கூட்டத்தில் எப்போது வாய் திறப்பது என்பது நேரில்தான் பழகும். வீட்டிலிருந்து செய்யும்போது இரண்டு வெவ்வேறு வலையமைப்பின் சிம் வைத்திருங்கள், மடிக்கணினியின் சார்ஜை இறங்க விடாதீர்கள். மழையோடு கரண்ட் போவது நமக்குத் தெரிந்ததுதானே.

சேர்ந்த முதல் வாரத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக வாடிக்கையாளர் வரைக்கும் போன பிழை எது? இந்த மென்பொருளில் கை வைக்க எல்லாரும் பயப்படும் பகுதி எது? ஒரு வெளியீட்டைத் திரும்ப எடுக்க எவ்வளவு நேரமாகும்? பதில்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, இரண்டாவது கேள்விக்கு வந்த பதிலிலிருந்து உங்கள் சோதனையைத் தொடங்குங்கள்.